சென்சஸில் பூட்டன் பெயர் கிடைக்காது, பத்திரத்தில் கிடைக்கும்

"1891 சென்சஸ் எந்த இணையதளத்தில் இருக்கிறது? எங்கள் பூட்டன் பெயரைப் போட்டுத் தேட முடியுமா?" கொடிவழி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். கேட்பதில் பிழையில்லை. இங்கிலாந்தில் 1841 முதல் 1921 வரை எடுத்த கணக்குகளின் வீட்டுவாரித் தாள்கள் பெயர், வயது, தொழிலோடு இணையத்தில் கிடைக்கின்றன. நூறு ஆண்டு கழிந்தால் திறந்துவிடுவது அங்கே வழக்கம். 1931-இன் தாள்கள் மட்டும் 1942 டிசம்பரில் தீயில் போயின. அமெரிக்காவில் 72 ஆண்டுக் கணக்கு. 1950-இன் தாள்கள் 2022 ஏப்ரலில் வெளிவந்தன. இதையெல்லாம் யூடியூபில் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரன் நம்மூரிலும்தானே கணக்கெடுத்தான், அவன் ஒரு காகிதத்தையும் எறியமாட்டானே என்று நினைக்கத்தான் தோன்றும்.

இந்தக் காகிதத்தை எறிந்துவிட்டான்.

சென்னை மாகாணம் முழுமைக்கும் ஒழுங்கான கணக்கு 1871-இல் நடந்தது. இந்தியா முழுதும் ஒரே நாளை வைத்து எடுத்தது 1881 பிப்ரவரி 17-இல். கணக்கெடுப்பவர் முன்கூட்டியே வீடுகளுக்கு எண் போட்டு, படிவத்தை நிரப்பி வைத்துக்கொள்வார். குறித்த இரவில் மறுபடி போய், இடையில் செத்தவரை அடித்து, பிறந்தவரைச் சேர்ப்பார். படிவத்தில் பெயருக்கு இடம் இருந்தது. பெண்களின் பெயரைச் சொல்ல வீட்டார் விரும்பாவிட்டால் 'பெண்' என்று மட்டும் எழுதலாம் என்ற சலுகையும் இருந்தது. 1901-இலிருந்து ஒவ்வோர் ஆளின் விவரத்தையும் ஒரு சிறு சீட்டுக்கு மாற்றி, சீட்டுகளைப் பெட்டி பெட்டியாகப் பிரித்து எண்ணினார்கள். எண்ணி முடித்து அட்டவணை அச்சானதும் படிவத்துக்கும் சீட்டுக்கும் வேலை முடிந்தது, கழித்துவிட்டார்கள். ஆட்சிக்கு வேண்டியது தலை எண்ணிக்கை. பெயர் அல்ல.

விடுதலைக்குப் பிறகும் கதவு திறக்கவில்லை. 1948-ஆம் ஆண்டின் சென்சஸ் சட்டம், 15-ஆம் பிரிவில், தனியாள் விவரம் உள்ள தாள்களை யாரும் பார்வையிட முடியாது, வழக்கில் சான்றாகவும் வைக்க முடியாது என்கிறது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு 1951-இன் வீட்டுத் தாளைக் கேட்டால் 10 ரூபாய் வீண். அசாமில் 1951 கணக்கெடுப்பை ஒட்டி எழுதிய குடிமக்கள் பதிவேடு பல ஊர்களுக்குப் பிழைத்திருந்து, பின்னாளில் குடியுரிமைச் சான்றாகவே பயன்பட்டது. அது விதிவிலக்கு. "1901 சென்சஸ் பெயர்ப் பட்டியல், திருநெல்வேலி ஜில்லா" என்று யாராவது விற்க வந்தால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

பெயர் இல்லாத சென்சஸ் பிறகு எதற்கு? ஊரைப் பிடிப்பதற்கு. வம்சாவளித் தேடலில் முக்கால்வாசி வேலை ஊரைச் சரியாகப் பிடிப்பதுதான். ஊரும் தாலுகாவும் தெரிந்தால்தான் எந்த அலுவலகத்தின் எந்தப் பதிவறை என்று தெரியும். பழைய அறிக்கைகள் சென்சஸ் துறையின் இணைய நூலகத்திலேயே இலவசமாகக் கிடைக்கின்றன. தாலுகாவாரி அட்டவணைகள் பழைய தொகுதிகளில் உண்டு. 1951-இலிருந்து மாவட்டக் கையேடுகள் ஊர்வாரியாகவே மக்கள்தொகை தருகின்றன.

அவற்றைப் புரட்டும்போது இன்றைய வரைபடத்தை மறந்துவிட வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் பிறந்தது 1910-இல். அதற்கு முன் ஸ்ரீவில்லிபுத்தூரும் சாத்தூரும் திருநெல்வேலி ஜில்லா, பரமக்குடி மதுரை ஜில்லா. கரூர் 1910 வரை கோயம்புத்தூரோடு இருந்தது. நாமக்கல் அதே ஆண்டு சேலத்திலிருந்து திருச்சிக்குப் போய், பிறகு சேலத்துக்கே திரும்பியது. சித்தூர் 1911 வரை வட ஆற்காட்டின் பகுதி. புதுக்கோட்டை 1948 வரை தனி சமஸ்தானம். கன்னியாகுமரிப் பகுதியும் செங்கோட்டையும் 1949 வரை திருவிதாங்கூர், பின்னர் 1956 வரை திருவிதாங்கூர்–கொச்சி. அங்கே தேடுகிறவர் திருவனந்தபுரத்துக்கும் போக வேண்டியிருக்கும், மலையாள எழுத்தும் படிக்க வேண்டியிருக்கும். 'எங்கள் பூர்வீகம் மதுரை ஜில்லா' என்று பாட்டி சொன்னதை வைத்துக்கொண்டு இன்றைய மதுரை மாவட்டத்துக்குள்ளேயே சுற்றி வருகிறவர்கள் அதிகம்.

சாதிப் பெயரும் இப்படித்தான். இன்று குடும்பம் சொல்லிக்கொள்ளும் பெயர் 1881 அட்டவணையில் இருக்க வேண்டும் என்பதில்லை. 'நாடார்' அரசு ஏட்டில் ஏறியது 1921-இல், 'ஆதி திராவிடர்' 1922-இல். செங்குந்தரைக் கைக்கோளர் என்றும், யாதவரை இடையர் என்றும், வன்னியரைப் பள்ளி என்றும் எழுதியிருப்பார்கள். சில சொற்கள் இன்று காதில் குத்தும். ஆனால் பழைய பத்திரத்தில் வந்திருப்பதும் அதே சொல்தான், அதைத் தெரிந்து வைத்துக்கொண்டு தேடாவிட்டால் உங்கள் ஆளையே தாண்டிப் போய்விடுவீர்கள். 1931-க்குப் பிறகு வந்த கணக்கெடுப்புகள் சாதிவாரி அட்டவணையை முழுமையாகத் தரவில்லை; ஒரு ஜில்லாவில் எந்தச் சாதியார் எத்தனை பேர் என்று பார்க்க வேண்டுமானால் அதுவரைக்கும்தான்.

இன்னொன்று, தாது வருஷத்துப் பஞ்சம். 1876–78. சேலம் மாவட்டத்தில் 1871-இல் ஏறத்தாழ 19.7 இலட்சம் பேர். 1881-இல் ஏறத்தாழ 16 இலட்சம். உங்கள் குடும்பத்து நிலக் கணக்கு அந்தப் பக்கத்தில் திடீரென்று அறுந்தால், ஆவணம் தொலைந்தது என்று முடிவு கட்டுவதற்கு முன் இந்த எண்ணைப் பாருங்கள். வரி கட்ட முடியாமல் நிலத்தை ராஜினாமா செய்து எழுதிக் கொடுத்துவிட்டுப் பிழைக்கப் போனவர்கள் அப்போது ஏராளம். (வேலையை விடுவதைத்தான் இப்போது ராஜினாமா என்கிறோம், பட்டாவை விடுவதற்கும் ரெவின்யூ மொழியில் அதே சொல்.)

ஊர் பிடிபட்டதும் பெயருக்குப் போகலாம். பெயர் எங்கே இருக்கிறது என்றால், சொத்து கைமாறிய இடத்தில்.

முதல் தாள் வீட்டுப் பீரோவிலேயே இருக்கும். ஏதாவது ஒரு கிரயப் பத்திரம் போதும். அதில் 'முன் பத்திர விவரம்' பார்த்தால் இன்ன வருஷம், 1 புத்தகம் (நிலப் பத்திரங்களைப் பதியும் ஏடு), இன்ன நெம்பர் என்று பழைய பத்திரத்தைச் சொல்லியிருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அதன் நகலை எடுத்தால் அதற்கும் முந்தியதைச் சொல்லும். இப்படி ஏணிப்படி மாதிரி ஏறலாம். இணையத்தில் வில்லங்கம் பெரும்பாலும் 1975-லிருந்துதான் வருகிறது. அதற்கு முந்தியதை அலுவலகத்தில் ஏடு புரட்டித்தான் எடுக்க வேண்டும். அங்கே இரண்டு அட்டவணை ஏடுகள் உண்டு: முதலாவது ஆள் பெயர்வாரி, இரண்டாவது சொத்துவாரி. பொதுவாக எல்லோரும் சர்வே நம்பரைக் கொடுத்து இரண்டாவதில்தான் தேடச் சொல்வார்கள், ஏனென்றால் வங்கிக் கடனுக்கு அது போதும். வம்சாவளிக்கு வேண்டியது முதலாவது. எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் இருவர் பெயரும் அதில் இருக்கும். பூட்டன் பெயரைக் கொடுத்து, வருஷ வரம்பும் சொல்லித் தேடுதலுக்கு மனுக் கொடுங்கள். 1 புத்தகத்தையும் இந்த அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம் என்பது பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, "நீங்கள் பார்ட்டியா?" என்று கவுன்டரில் கேட்டால் அதைச் சொல்லலாம். உயில்கள் 3 புத்தகத்தில் இருக்கும். எழுதியவர் இறந்துவிட்டிருந்தால் அதன் நகலையும் யாரும் கேட்கலாம். நிலம் சாராத மற்றப் பத்திரங்கள் உள்ள 4 புத்தகம் அப்படியல்ல, சம்பந்தப்பட்டவருக்கு மட்டும்தான்.

அலுவலக எல்லைகள் மாறியிருக்கும். 1920-இல் உங்கள் ஊர் எந்தப் பதிவு அலுவலகத்தில் இருந்தது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பழைய ஏடு தாய் அலுவலகத்திலோ மாவட்டப் பதிவாளரிடமோ இருக்கலாம். 'இல்லை' என்ற பதிலுக்குப் பல நேரம் 'இங்கே இல்லை' என்றுதான் அர்த்தம்.

பத்திரம் கையில் வந்ததும் எல்லாரும் விலையைப் படிப்பார்கள். நீங்கள் தலைப்பை, சக்குபந்தியை, சாட்சிகளைப் படியுங்கள். தலைப்பில் இன்னார் குமாரர் இன்னார், இன்ன சாதி, இன்ன ஜீவனம், இன்ன ஊர்க் குடி என்று இரண்டு தலைமுறை ஒரே வரியில் வந்துவிடும். சொத்து 'பிதுரார்ஜிதம்' என்றிருந்தால் அப்பன் பாட்டன் வழி வந்தது, எனவே மேலே இன்னொரு படி இருக்கிறது. 'சுயார்ஜிதம்' என்றிருந்தால் அந்த நிலத்தைப் பிடித்துக்கொண்டு அதற்கு மேல் ஏறினால் அடுத்தவன் குடும்பத்துக்குள் போய்விடுவீர்கள். வேறு நிலம் தேடுங்கள். சக்குபந்தி என்ற நான்கெல்லையில் வருகிற பெயர்கள் பெரும்பாலும் பங்காளிகள். பாட்டன் நிலத்தைப் பிள்ளைகள் கூறுபோட்டுக்கொண்டதால் அடுத்தடுத்த துண்டுகள் அண்ணன் தம்பிகளுடையவை. ஆள் அறிந்த சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவர் மாமனோ மச்சானோ ஆக இருக்க வாய்ப்பு அதிகம்; பெண் வழி உறவைப் பிடிக்க அதுவே நூல்முனை.

எல்லாவற்றிலும் சிறந்தது பாகப் பிரிவினைப் பத்திரம். ஒன்று கிடைத்தால் பத்துக் கிரயப் பத்திரத்துக்குச் சமம். அண்ணன் தம்பிகள் எல்லாரும் வயதோடு வருவார்கள், செத்த தம்பியின் மைனர் பிள்ளைகள் 'கார்டியன் தாயார்' பெயரோடு வருவார்கள், விதவைத் தாய்க்கு ஒதுக்கிய நிலமும் கல்யாணமாகாத தங்கைக்கு ஒதுக்கிய பணமும் எழுதியிருக்கும். பழைய ஏடுகளில் பெண்களின் சொந்தப் பெயர் இவ்வளவு தாராளமாக வருகிற இடம் வேறில்லை.

ஒரு குறை. நூறு ரூபாய்க்குக் கீழ்ப்பட்ட நிலக் கிரயத்துக்குப் பதிவு கட்டாயம் இல்லை. அந்தக் காலத்தில் நூறு ரூபாய் சின்னப் பணமில்லை. சிறு குடிகளின் கைமாற்றங்கள் பதிவே ஆகாமல் போனதற்கு இதுதான் காரணம். அவர்களைப் பட்டாவில் தேட வேண்டும்.

பட்டா வழி இப்படி: இன்றைய சிட்டாவில் இருக்கும் சர்வே எண், 1979-இலிருந்து 1987 வரை நடந்த யுடிஆர் (நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும்) திட்டத்தில் சரிபார்க்கப்பட்ட பதிவு. அதற்கு முந்திய எண்ணுக்குப் போக, பழைய எண் புதிய எண் ஒப்பீட்டுப் பதிவேட்டை வட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்க வேண்டும். யுடிஆர் அ-பதிவேடு (ஊரின் நிலங்களைச் சர்வே எண்வாரியாக எழுதிய ஏடு), அதற்கு முன் மறு செட்டில்மெண்ட் (நிலவரியை மறுபடி நிர்ணயித்த) பதிவேடு, அதற்கும் முன் முதல் செட்டில்மெண்ட், சர்வேக்கு முந்திய காலத்துக்குப் பைமாஷ் எண். வட்டாட்சியரிடம் இல்லாதது மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பதிவறையிலோ எழும்பூர் ஆவணக் காப்பகத்திலோ இருக்கலாம். உங்கள் ஊர் ஜமீன் கிராமமாக இருந்தால் இந்த ஏணி பாதியில் நிற்கும். 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அந்த ஊர்களில் சர்க்கார் செட்டில்மெண்ட் வந்தது. அதற்கு முன் கணக்கு ஜமீன் கச்சேரியில். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்தார் இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

பட்டாவில் ஒரு பொறி உண்டு. பட்டாதாரர் பெயர் இருக்கிறது என்பதற்காக அந்த வருஷம் அவர் உயிரோடு இருந்தார் என்று எழுதிவிடக் கூடாது. பெயர் மாற்றாமல் செத்தவர் பெயரிலேயே முப்பது நாற்பது வருஷம் ஓடுவது நம்மூரில் சாதாரணம். 'வகையறா' என்று முடிந்தால் அந்த ஒரு சொல்லுக்குள் ஐந்தாறு பங்காளிகள் ஒளிந்திருப்பார்கள். அடங்கல் என்ற கிராமச் சாகுபடிக் கணக்கில் சாகுபடி செய்தவர் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

இனாம் நிலம், அதாவது வரிச் சலுகையோடு விட்ட மானிய நிலம் என்றால் அதிர்ஷ்டம். 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் ஒவ்வோர் இனாமையும் விசாரித்து எழுதிய பதிவேட்டில், முதலில் மானியம் பெற்றவர், முந்திய கணக்கில் இருந்த பெயர், இப்போது அனுபவிப்பவர், அவர் வயது, அவர்களுக்குள் உறவு என்று தனித்தனி பத்தி உண்டு. அரசாங்கமே எழுதி வைத்த வம்சாவளி அது. பிராமணருக்கும் கோயிலுக்கும் மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஊர்த் தச்சர், குயவர், நாவிதர், வெட்டியார், மேளக்காரர், பள்ளிவாசல் பணி செய்தவர் என்று ஊழிய மானியம் பெற்றவர்களும் அதில் இருக்கிறார்கள். வேறு எந்த ஏட்டிலும் கிடைக்காத குடும்பங்கள் இதில் 1860 வாக்கில் பெயரோடு நிற்கும்.

பிறப்பு இறப்புப் பதிவேடு பற்றி அதிகம் எதிர்பார்க்காதீர்கள். சென்னை மாகாணச் சட்டம் 1899-இல் வந்தது. பிறப்புப் பதிவில் குழந்தைக்கு அப்போது பெயர் வைத்திருக்கமாட்டார்கள். 'ஆண்' 'பெண்', தகப்பன் பெயர், அவ்வளவுதான். இறப்புப் பதிவே மேல். இறந்தவர் பெயரும் வயதும் இருக்கும். காரணம் பாதிக்கு மேல் 'காய்ச்சல்' என்றிருக்கும்.

கத்தோலிக்கக் குடும்பங்களுக்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவு இருக்கிறது. பாதிரியார்கள் இலத்தீனில் எழுதியதால் சிலர் தங்கள் தாத்தாவையே அடையாளம் காணாமல் விட்டுவிடுகிறார்கள். பெத்ருஸ் என்றிருப்பவர் ராயப்பன், பவுலுஸ் சின்னப்பன், யோவான்னெஸ் அருளப்பன், யாகோபுஸ் யாகப்பன், யோசேப்புஸ் சூசை. நகரத்தார்க்கு அவரவர் கோயில் புள்ளிக் கணக்கு (கல்யாணமான குடும்பங்களின் பதிவு) உண்டு. புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்: பிரெஞ்சு ஆட்சியின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகள் படமாகவே பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் கடல்கடந்த ஆவணக் காப்பகத் தளத்தில் இருக்கின்றன. 1881 ஆணைப்படி தனிச் சட்டத்தை (மதம், சாதி வழி வந்த குடும்பச் சட்டத்தை)த் துறந்தவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் சூடிக்கொண்டார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அந்த ஆண்டுக்கு முன் அதே பெயரில் தேடினால் வெறுங்கைதான்.

கடல் கடந்தவர்களுக்குக் கதை தலைகீழ். அவர்களுக்குப் பெயர் கிடைக்கும், ஊர்தான் சிக்கல். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன 1,52,184 பேருக்கும் கப்பல் பட்டியல் இருக்கிறது: குடியேற்ற எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தானா (காவல் நிலைய எல்லை), கிராமம். மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் சென்னைத் துறைமுகம் வழி போனவர்கள். குடியேற்ற எண்தான் சாவி. அது பிள்ளைகளின் பழைய பதிவுச் சான்றுகளிலும் வரும். மொரிஷியஸுக்கு மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் கேட்க வேண்டும், 1860-களிலிருந்து பலருக்கு ஒளிப்படமே உண்டு. ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து ஆள் எடுத்தது 1903-லிருந்துதான். கங்காணி (கூலியாள் திரட்டும் மேஸ்திரி) வழியாக இலங்கைக்கும் மலாயாவுக்கும் போனவர்களுக்கு இப்படிப்பட்ட பட்டியலை எதிர்பார்க்க முடியாது. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்கள் வீட்டில் குடும்ப அட்டை இருந்தால் அதில் பூர்வீக ஊர் இருக்கும், பத்திரப்படுத்துங்கள்.

பட்டியலில் உள்ள ஊர்ப் பெயர், சொன்னது தமிழன், எழுதியது வேறொருவன் என்பதால் சிதைந்திருக்கும். 'தானா' என்ற வடநாட்டுப் பத்தியில் தாலுகாவை எழுதியிருப்பார்கள். டின்னவெலி, டாஞ்சூர், டிரிச்சினாபொலி என்ற பெரிய பெயர்கள் புரிந்துவிடும்; கிராமத்தை வாய்விட்டுப் பல மாதிரி படித்துப் பார்த்து, அந்த ஆண்டுக்குரிய ஜில்லா எல்லைக்குள் தாலுகாவாரி சென்சஸ் ஊர்ப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பழைய இலங்கை ஏடுகளில் 'மலபார்' என்று இருந்தால் கேரளத்துக்கு ஓடாதீர்கள். தமிழரைத்தான் அப்படி எழுதினார்கள்.

வயதை நம்பாதீர்கள். கப்பல் பட்டியலாகட்டும் பத்திரமாகட்டும், 20, 25, 30, 35 என்று அஞ்சும் பத்துமாகத்தான் இருக்கும். ஐந்து வருஷம் முன்னே பின்னே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக் கணக்கில் பசலி என்ற வருவாய்த் துறை ஆண்டோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கும் ஜூலையின் ஆங்கில ஆண்டு வரும்: பசலி 1310 என்றால் 1900 ஜூலை முதல் 1901 ஜூன் வரை. கொல்லம் ஆண்டோடு 824 கூட்டுங்கள்; ஆண்டின் பிற்பகுதிக்கு 825. வெறும் 'பிரபவ வருஷம்' என்றிருந்தால் 1867-உம் ஆகலாம், 1927-உம் ஆகலாம். முத்திரைத்தாளில் யார் தலை இருக்கிறது என்று பாருங்கள், ராணியா ராஜாவா என்று.

மிகப் பெரிய குழப்பம் பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கிற வழக்கத்தால் வருவது. ராமசாமி மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் ராமசாமி, அவன் மகன் முத்துசாமி என்று போய்க்கொண்டே இருக்கும். 1890 பத்திரத்து ராமசாமியையும் 1935 பத்திரத்து ராமசாமியையும் ஒருவர் என்று எழுதினால் இரண்டு தலைமுறை விழுங்கப்படும். பெயரோடு தகப்பன் பெயர், மனைவி பெயர், நிலத்தின் சர்வே எண் மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப் போகாமல் ஆளைச் சேர்க்காதீர்கள். போதாக்குறைக்கு அண்ணன் தம்பிகள் நாலு பேரும் தங்கள் தலைமகனுக்கு ஒரே பாட்டன் பெயரை வைத்திருப்பார்கள். 'பெரிய', 'சின்ன', 'கருப்பு' என்ற அடைமொழிகள் எழுத்தரின் விளையாட்டு அல்ல. அவற்றையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

நிலமே இல்லாத குடும்பங்களுக்குக் கடைசியாகப் பார்க்க வேண்டியது குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு. கொடைக்குக் கல்யாணமான ஆண் ஒவ்வொருவரிடமும் வரி வாங்கி எழுதுவார்கள். பல ஊர்களில் பங்காளி வகையறாவாரியாகவே எழுதியிருக்கும், ஊரை விட்டுப் போனவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பதும் ஓரத்தில் இருக்கும். பழைய நோட்டுகள் நாட்டாண்மைக்காரர் வீட்டுப் பரணிலோ பூசாரி பெட்டியிலோ கிடக்கும். எடுத்துக்கொண்டு வரக் கேட்காதீர்கள், கொடுக்கமாட்டார்கள். அங்கேயே உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். அட்டையையும் எடுங்கள், வருஷம் பெரும்பாலும் அதில் மட்டும்தான் எழுதியிருக்கும்.